தொண்டைமானாற்றுக்கு மேலே ஓடும் இன்னோர் ஆறு

2024 மே 11, சனிக்கிழமை. விடியும் முன்னமே கைப்பேசி சிணுங்கத் தொடங்கிவிட்டது. லண்டனில் இருக்கும் மச்சாள் தன் வீட்டுப் பின்வளவில் நின்று எடுத்த படம் முதலில் வந்தது. கூரைகளுக்கு மேலே வானம் றோசாப்பூ நிறத்தில் கிடந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் ரொறன்ரோவில் இருந்து பெரியம்மாவின் மகன் அனுப்பிய படத்தில் பச்சைச் சேலையை யாரோ வானத்தில் உலரப் போட்டதுபோல் ஓர் ஒளி. "உங்கை ஒண்டும் தெரியேல்லையோ?" என்று குரல்பதிவில் கேட்டான். முற்றத்தில் இறங்கி வடக்கே பார்த்தேன். பனைகளுக்கு மேலே வழக்கமான வைகாசி வானம். ஒன்றும் தெரியவில்லை என்று பதில் போட்டேன்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பது சரி. ஆனால் அன்று காலை எட்டு மணியளவில், நான் முற்றத்தில் நின்ற அதே நேரத்தில், பூமியின் காந்தப் புலம் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சரிந்து கிடந்தது. கடந்த 20 ஆண்டுகளில் பூமி கண்ட மிகப் பெரிய காந்தப் புயல் அது. மச்சாளுக்கு அது நிறமாக வந்தது. எங்களுக்கு ஓசையும் நிறமும் இல்லாமல் தலைக்கு மேலே நடந்து முடிந்தது.

சூரியப் புயல் என்றதும் துருவத்து வானவெளிச்சம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. பனி நாட்டுக்காரரின் காட்சி, பனை நாட்டுக்காரருக்கு அதில் என்ன என்று நாமும் விட்டுவிடுகிறோம். அந்த எண்ணத்தை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். சூரியன் இடும் கையெழுத்து மிக அழுத்தமாகப் பதியும் இடங்கள் பூமியில் இரண்டு. ஒன்று துருவங்களை அண்டிய வளையம். மற்றது நாங்கள் இருக்கும் இந்தப் பட்டி.

ஊசி படுத்திருக்கும் ஊர்

உயர்தரம் படிக்கும் மருமகன் ஒருவன் எனக்கு இருக்கிறான். வெளிக்கள நிலையம் உயர்தர மாணவருக்கு நடத்தும் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து, ஒரு தையல் ஊசியும் மெல்லிய நூலும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுப் பாலத்துக்குப் போனேன். நூலில் நடுவே கட்டி ஊசியைச் சமநிலைக்குக் கொண்டுவந்தோம். பிறகு பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தில் ஒரே திசையாக இருபது முறை உரசி மறுபடி தொங்கவிட்டோம். ஊசி பாலத்தின் இரும்புக் கம்பிப் பக்கம் இழுபட்டு நின்றது. "மாமா, இரும்பு" என்றான். அணைக்கட்டின் கதவுகளும் இரும்பு, சாய்த்து வைத்த சைக்கிளும் இரும்பு. எல்லாவற்றையும் விட்டு விலகி, நீரேரிக் கரையில் மணலாய்க் கிடந்த இடத்துக்கு நடந்தோம்.

அங்கே ஊசி மெதுவாகச் சுழன்று வடக்கைப் பிடித்தது. அதற்குப் பிறகு அது செய்ததைத்தான் அவனுக்குக் காட்ட விரும்பினேன். ஊசி ஏறக்குறையக் கிடையாகவே படுத்திருந்தது. இதே ஊசியை லண்டனில் தொங்கவிட்டால் வடமுனை 66 பாகை அளவுக்குத் தலைகீழாக நிலத்தைக் குத்தப் பார்க்கும். காந்தத் துருவத்தில் செங்குத்தாக நிற்கும். பூமியின் காந்தக் கோடுகள் அங்கே நிலத்துக்குள் இறங்குகின்றன. இங்கே நிலத்துக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்கே படுத்துச் செல்கின்றன. ஊசி முற்றாகக் கிடையாக நிற்கும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்பார்கள். புவியியல் நடுக்கோடு இலங்கைக்கு வெகு தெற்கே கடலில் கிடக்கிறது. காந்த நடுக்கோடோ தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டி வந்து இலங்கையின் ஊடாகப் போகிறது. தொண்டைமானாறு அதற்குச் சற்று வடக்கே.

காந்தக் கோடு படுத்திருப்பதால் என்ன நடக்கிறது? தரையிலிருந்து 100 கிலோமீற்றருக்குச் சற்று மேலே காற்று மிக மெலிந்து கிடக்கிறது. பகல் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அந்தக் காற்றணுக்களை உடைத்து மின்னேற்றம் பெற்ற துகள்களாக்குகிறது. சூடேறிய காற்று அங்கே வீசும்போது, அந்த வீச்சு பூமியின் காந்தத்தோடு சேர்ந்து ஒரு பெரிய டைனமோ போல் வேலை செய்து, பகலில் கிழக்கு நோக்கி மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. மற்ற நாடுகளில் அதன் ஒரு பகுதி மேலும் கீழும் காந்தக் கோடு வழியாகக் கசிந்து போய்விடும். இங்கே கோடு படுத்திருப்பதால் மேலே கசிய வழி இல்லை. மின்னேற்றங்கள் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தேங்கி, தேங்கியதே ஓட்டத்தைப் பல மடங்கு பெருக்குகிறது. இரு கரையும் அணைகட்டிய வாய்க்காலில் வெள்ளம் உரத்து ஓடுவது மாதிரி. காந்த நடுக்கோட்டின் இருபுறமும் சில நூறு கிலோமீற்றர் அகலத்தில், பல்லாயிரம் அம்பியர் அளவில், காலையில் தொடங்கி நண்பகலில் பொங்கி, பொழுதுபட ஓய்ந்துபோகும் இந்த ஓட்டத்துக்கு 1951இல் சிட்னி சப்மன் இட்ட பெயரைத் தமிழில் நடுக்கோட்டு மின்தாரை எனலாம்.

கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது என்று ஊர் சொல்லும் ஆறு கீழே. அதற்கு நேர் மேலே, ஒவ்வொரு நாளும் வற்றிப் பெருகும் இந்த இரண்டாவது ஆறு. செல்வச்சந்நிதியில் நண்பகல் பூசைக்கு மணி அடிக்கிற நேரம் அது கரைமுட்ட ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த மணியோசை வேறு மாதிரிக் கேட்கிறது.

அணைக்கட்டும் கதவும்

இனிப் புயலுக்கு வருவோம். சூரியனில் கரும்புள்ளிகள் என்று நாம் பார்ப்பவை, காந்தக் கோடுகள் கயிறு முறுக்கியதுபோல் முறுகி மேலே பிதுங்கிய இடங்கள். ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை அவை பெருகிக் குறைகின்றன. இப்போதைய சுற்று 2024இல் உச்சத்தைத் தொட்டது. முறுக்கு அறும்போது இரண்டு விதமான அடி விழும். முதலாவது வெளிச்சம். எக்ஸ் கதிரும் புறஊதாக் கதிரும் 8 நிமிடத்தில் இங்கே வந்துவிடும், பகல் பக்கத்துச் சிற்றலை வானொலி அடியோடு மௌனித்துவிடும். இரண்டாவது, சூரியன் துப்பும் மின்னேறிய வாயு மேகம். தன் காந்தத்தையும் சுமந்துகொண்டு அது 15 கோடி கிலோமீற்றரைக் கடக்க வழமையாக ஒன்று முதல் மூன்று நாள் எடுக்கும். 1859இல் வந்தது 18 மணித்தியாலத்துக்குள் வந்தது.

வந்த மேகமெல்லாம் புயலாவதில்லை. அது தொண்டைமானாற்று அணைக்கட்டைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். கதவு இறங்கியிருந்தால் கடல் எவ்வளவு மோதினாலும் உவர் உள்ளே வராது. பூமியின் காந்தப் புலம் அப்படியொரு கதவு. மேகம் சுமந்து வரும் காந்தம் வடக்கு நோக்கி இருந்தால் கதவு இறங்கியபடியே நிற்கும். தெற்கு நோக்கி இருந்தால் அது பூமியின் கோடுகளோடு கோர்த்துக்கொள்ளும், கதவு தூக்கப்படும், சக்தி உள்ளே கொட்டும். அப்படிக் கதவு திறந்த ஒரு நேரத்தை ஊட்டியில் ஒரு கருவி நேரடியாகவே பார்த்தது. 2015 யூன் 22 அன்று ஒரு மேகம் மோதியபோது, அங்கே டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியில் இரண்டு மணித்தியாலம் விண்கதிர் வரவு எகிறியது. பூமியின் காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்ததன் அடையாளம் என்று அக்குழுவினர் எழுதினார்கள்.

உள்ளே வந்த சக்தி என்ன செய்யும்? பூமிக்கு வெளியே சில பூமி ஆரை தூரத்தில் மின்துகள்கள் மேற்கு நோக்கி ஒரு வளையமாக ஓடத் தொடங்கும். அந்த வளைய ஓட்டம் பூமியின் காந்தத்துக்கு எதிரான காந்தத்தை உண்டாக்கும். நம் பக்கத்து வரைபடத்தில் அதன் சாயல் எப்போதும் ஒன்றுதான்: மேகம் மோதிய சில நிமிடத்தில் காந்தத்தின் கிடைக்கூறு, அதாவது நிலத்துக்கு இணையான பங்கு, சட்டென ஏறும், பிறகு மணிக்கணக்காக விழும், பிறகு நாட்கணக்கில் மெல்ல எழும்பும். இதற்கு மேலதிகமாகத்தான் எங்கள் பட்டிக்கு மட்டும் உரிய ஒன்று இருக்கிறது. துருவத்தில் விழுந்த மின்புலம் நிமிடங்களுக்குள் நடுக்கோடு வரை ஊடுருவிவிடுகிறது. மின்தாரை ஓடிக்கொண்டிருக்கும் பகல் நேரத்தில் அப்படி வந்தால், தாரை அந்த உதறலைப் பெருக்கிக் காட்டும். சில வேளை ஓட்டமே திசைமாறி மேற்கே திரும்பிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு நடந்தும் எங்கள் ஊசி பெரிதாகத் திரும்பாது. மாற்றம் பெரும்பாலும் வடக்குத் தெற்காகவே வருவதால், ஊசி வடக்கையே காட்டிக்கொண்டிருக்கும். அதை வடக்கே இழுக்கும் விசைதான் கூடிக் குறையும். பக்கத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அந்த ஊர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைத் தாண்டி 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதே ஆண்டு ஜனவரி 25 இரவு ஐரோப்பாவில் தெற்கே சிசிலி வரை வானம் சிவந்த காந்தப் புயல் வந்தது. வட அத்திலாந்திக்கில் திசைகாட்டி அலையக்கூடிய புயல் அது. பாக்கு நீரிணைக்குள் தோணி ஓட்டியவருக்கோ ஊசி உண்மையாகவே இருந்திருக்கும். இந்தக் கரையின் கடலோடிப் பரம்பரை இவ்வளவு நீண்டதாய் இருந்தும் காந்தப் புயல் பற்றிய வழக்குச் சொல் ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பொதிகையில் ஏறிய காந்தமானி

கண் காணாததைக் கருவி கண்டது. அந்தக் கருவிகள் எங்களுக்குத் தொலைவில் இல்லை. சுவாதித் திருநாள் மகாராசா 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜோன் அலன் புரூன், ஸ்கொட்லாந்துக்காரர், காந்தமானியைத் தூக்கிக்கொண்டு பொதிகையின் அகத்தியர் மலைக்கே ஏறினார். 1855இல் அந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. காடும் யானையும் மழையும் தாண்டி, கருவிகளைத் தோளில் சுமந்து ஏற்றிய கூலியாட்களின் பெயர்கள் எனக்குத் தெரியவில்லை. அவர்களின் உழைப்பு இல்லாமல் ஓர் எண்ணும் வந்திராது. 1865 வரை நடந்த அந்த வேலையில் புரூன் இரண்டு விஷயங்களைப் பிடித்தார். உலகின் வெவ்வேறு இடங்களில் காந்தத்தின் கிடைக்கூறு ஒரே நாளில் சேர்ந்து ஏறுகிறது, சேர்ந்து இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் காலத்தோடு பொருந்திவந்த எண் அது. அகத்தியர் தமிழ் தந்ததாய்க் கதை சொல்லும் மலையில், சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள காந்தத் தொடர்பின் நாடித் துடிப்பு எண்ணப்பட்டது.

புரூன் திருவனந்தபுரத்தில் இருந்தபோதுதான், 1859 செப்டெம்பர் 1 அன்று, இங்கிலாந்தில் றிச்சர்ட் கரிங்டன் சூரியனில் ஒரு வெண்ணொளி வெடிப்பைக் கண்டார். மறுநாள் பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் கிடைக்கூறு ஏறக்குறைய 1,600 நனோதெஸ்லா விழுந்தது. எங்கள் பக்கத்தில் காந்தத்தின் மொத்த வலிமையே சுமார் 40,000தான். 2024 மே புயலில் உலகச் சராசரி வீழ்ச்சி 400ஐச் சற்றே தாண்டியது. ஒப்பிட்டுப் பாருங்கள். கொலாபாவில் அன்று கண்ணாடி வழியே அளவுகோலைப் பார்த்து எண்ணைக் கையால் எழுதியவர்கள் தந்த அந்த வரிசை, இன்று உலகெங்கும் சூரியப் புயல் ஆராய்ச்சியில் தவிர்க்க முடியாத சான்று. 1872 பெப்ரவரி 4 இரவு பம்பாயிலேயே வானவெளிச்சம் தெரிந்தது. அன்று பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையிலான தந்தி வடத்தில் வேலை குழம்பியது. இன்னும் கொஞ்சம் பெரிய புயல் என்றால், எங்கள் முற்றத்திலிருந்தும் வடக்கே ஒரு செம்மை தெரியக்கூடும் என்று நான் நம்புகிறேன்.

பிறகு கொடைக்கானல் வந்தது, 1899இல். சூரியப் புள்ளிக்கும் பருவமழைக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் அதன் பிறப்புக்கு ஒரு காரணம். 1909இல் வானியலாளர் எவர்செட் அங்கேதான் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி வழிவதைக் கண்டார். 1957இல் சர்வதேச புவிப் பௌதிக ஆண்டையொட்டி அண்ணாமலைநகரில் காந்த நிலையம் அமைந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் முதல் ரொக்கெட் எழும்பியதற்கும் காரணம் இந்த மின்தாரைதான். தாரைக்கு நடுவே கருவியை அனுப்பக் காந்த நடுக்கோட்டில் ஒரு கடற்கரை வேண்டியிருந்தது. இன்று திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இரவு பகலாக இதை அளக்கிறது. நேர்கோட்டில் பார்த்தால் தொண்டைமானாற்றுக்குக் கொழும்பைவிட அந்த ஆய்வகம் கிட்ட. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6 முதல் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நின்று வரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் கடலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1970களில் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்தத்தின் நிலைக்குத்துக் கூறு வழமைக்கு மாறாக ஆடுவது கவனிக்கப்பட்டது. மேலே ஓட்டம் மாறும்போதெல்லாம் கடலிலும் நிலத்தடியிலும் மின்னோட்டம் தூண்டப்படும். அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான ஒடுக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், அந்த உப்புநீர் மட்டும் அவ்வளவு மின்னைக் கடத்தப் போதாது, ஆகவே அடியில் நன்றாகக் கடத்தும் பாறைப் படை ஒன்று இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் வாதிட்டனர். தொண்டைமானாற்றுக் கரையில் நின்று வடக்கே பார்க்கும்போது கண்முன்னே விரிவது அந்தக் கடல்தான்.

காற்றில் அலைந்த குரல்

1991. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி கடையில் இல்லை, இருந்தாலும் வாங்கக் கட்டாது. இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை கேட்க ஐயா சைக்கிளை நிமிர்த்தி நிறுத்துவார், நான் பெடலைச் சுற்றுவேன், டைனமோவில் றேடியோ பேசும். வேகமாகச் சுற்றினாலும் சில இரவுகளில் குரல் அலை அலையாய் வந்து போகும், ஒரு சொல் உரக்க, அடுத்த சொல் கிணற்றுக்குள். "ஒழுங்காய்ச் சுத்தடா" என்று எனக்குத் திட்டு விழும். ஊரில் எந்தப் பக்கம் செல் விழுந்தது என்ற செய்தியே அந்த அலையில் கரைந்து போய்விடும்.

எத்தனையோ ஆண்டு கழித்துத்தான் காரணம் தெரிந்தது. பொழுதுபட்டதும் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, மின்னேறிய துகள்கள் நிறைந்த அயன் மண்டலத்தின் அடிப்பக்கம் நிலைகுலைந்து, மெலிந்த குமிழ்களாய் மேலெழும்பும். அவற்றின் ஊடாக வரும் சிற்றலை நடுங்கும். சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், குறிப்பாகப் பங்குனியிலும் புரட்டாதியிலும், இது அதிகம். 1991இல் சூரியன் உச்சத்தை ஒட்டித்தான் இருந்தது. என் காலில் பிழை இருக்கவில்லை. ஐயா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்று அதே குமிழ்கள் ஜிபிஎஸ்ஸைக் குழப்புகின்றன. இரவில் தொழிலுக்குப் போகும் படகுகளில் உள்ள கருவி சில வேளை செய்மதியைத் தவறவிடும், அல்லது பல மீற்றர் தள்ளி இடம் காட்டும். கடல் எல்லைச் சிக்கலை இதன் தலையில் கட்ட முடியாது, அங்கே பேசப்படுவது பல கிலோமீற்றர். ஆனால் வலையை விட்ட இடத்தையோ பார் இருக்கும் இடத்தையோ இருட்டில் தேடுபவருக்குப் பத்து இருபது மீற்றர் பெரிய விஷயம்.

வெப்ப நாட்டுக் கடலில் சூரியன் இதைவிடக் கொடிதாகவும் பேசியிருக்கிறது. 1972 ஓகஸ்ட் 4 அன்று, வட வியட்னாமின் கரைக்கு அப்பால் அமெரிக்கா விதைத்திருந்த காந்தக் கண்ணிவெடிகள் கிட்டத்தில் கப்பலே இல்லாமல் டசின் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கப்பலின் இரும்பு காந்தத்தை மாற்றும்போது வெடிக்கும்படி செய்யப்பட்டவை அவை. அன்று காந்தத்தை மாற்றியது சூரியன். 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்து மின்கட்டமைப்பு 92 செக்கனில் சரிந்து 60 இலட்சம் பேர் இருட்டில் இருந்தனர். 2022 பெப்ரவரியில் ஒரு சாதாரணப் புயல் மேல்வளிமண்டலத்தைச் சற்றே சூடாக்கிப் புடைக்க வைத்ததில், ஏவி ஒரு நாள்கூட ஆகாத 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 38 அழிந்தன.

நூறு ஆட்டம்

என் ஆதங்கம் இதுதான். மின்தாரைக்கு அடியில் பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகள் வானவெளிச்சத்தைப் படத்தில் பார்க்கிறார்கள், தலைக்கு மேலே ஓடும் ஆற்றின் பெயரைக் கேள்விப்படாமலே பள்ளிக்கூடம் முடிக்கிறார்கள். ஆள் இல்லாத ஊரா இது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராகவும் பின்னர் துணைவேந்தராகவும் இருந்த குணரத்தினம், நிலத்தடிப் பாறைகள் உண்டாக்கும் காந்த வேறுபாட்டைக் கணிக்கும் எளிய கோவைகளை 1981இலேயே சர்வதேசச் சஞ்சிகையில் வெளியிட்டவர். வடக்கு முழுவதும் உயர்தர மாணவரின் கையில் வினாத்தாளைக் கொண்டு சேர்க்கும் வெளிக்கள நிலையம் பெயரிலேயே தொண்டைமானாற்றைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயரில் களம் என்ற சொல்லும் இருக்கிறது. இங்கே ஒரு சிறு காந்தமானி வைத்து, நண்பகல் மேட்டை மாணவரே வரைந்து, திருநெல்வேலிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன?

கருவி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று காட்டியது மருமகன்தான். ஊசி திரும்பாவிட்டாலும், அது ஆடும் வேகம் மாறும். இழுவிசை குறைந்தால் ஆட்டம் தாமதிக்கும். புரூனின் காலத்தவர் கிடைக்கூற்றை அளந்ததும் காந்தத்தை ஆடவிட்டு எண்ணித்தான். கணக்குப் போட்டான். ஓர் ஆட்டத்துக்கு 6 செக்கன் என்றால் நூறு ஆட்டத்துக்கு 600 செக்கன். காந்தம் நூற்றில் ஒரு பங்கு விழுந்தால் நேரம் அதில் பாதியளவு, நூற்றுக்கு அரைப் பங்கு, கூடும். 3 செக்கன். கைக்கடிகாரமே போதும்.

இரும்பில்லாத இடம் தேடி ஆச்சியின் பழைய மண்குசினியைத் தெரிந்தெடுத்தோம். காற்றுப் படாமல் ஊறுகாய்ப் போத்தல், வெயில் ஏறாமல் ஓலைக் கூரை, முறுக்கில்லாத பட்டுநூல், ஊசிக்குப் பதிலாகக் கனமான ஒரு சட்டக் காந்தம். இருபது முறை பிசகியது. ஒருமுறை பூனை, இன்னொருமுறை எண்ணிக்கையை நான் குழப்பிவிட்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் நூறு வரை தடையில்லாமல் போனது. 10 நிமிடம் 4 செக்கன். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் திகதியும் நேரமும் போட்டு எழுதினான், கீழே ஒரு கோடு இழுத்தான், கோட்டுக்குக் கீழே "புயல் நாள்" என்று எழுதி இடம் விட்டான். அந்தத் தாள் குசினிச் சுவரில் ஒட்டிக் கிடக்கிறது. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம், அடுத்தமுறை வானம் சிவந்தால் படம் அனுப்பும் முன் ஒரு போன் அடிக்கச் சொல்லி.